தெற்கே சாய்ந்த தண்ணீர்

ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தாயூற்று நகரில் இருந்த எல்லாக் குடங்களிலும் தண்ணீர் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. குடம் நேராகத்தான் இருந்தது, குடம் நின்ற தரையும் நேராகத்தான் இருந்தது, தண்ணீர் மட்டும் வடக்கு ஓரத்தில் இரண்டு விரல் இறங்கி, தெற்கு ஓரத்தில் இரண்டு விரல் ஏறி, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கிற ஆளைப்போல நின்றது. குருவம்மா அதைப் பார்த்ததும் முதலில் செய்த காரியம், குடத்துக்கு அடியில் ஒரு ஓட்டுச்சில்லைச் செருகியதுதான். குடம் சாய்ந்தது. தண்ணீர் தன் சாய்வை மாற்றிக்கொள்ளவில்லை.

"இந்தாய்யா, தண்ணி கோணலா நிக்குது" என்றாள்.

அவள் புருஷன் தவசி வாயில் வேப்பங்குச்சியோடு வந்து எட்டிப் பார்த்தான். "கவருமெண்டு கட்டிக் குடுத்த வீடு. தரை கோணலா இருக்கும். தண்ணியை எதுக்குக் குத்தம் சொல்ற?" என்றான். பிறகு ஒரு சொம்பு மொண்டு வாய் கொப்பளித்தான். அவன் துப்பிய தண்ணீர் வாசலில் விழுந்து, பள்ளமான வடக்குப் பக்கம் போகாமல் மேடான தெற்குப் பக்கம் கொஞ்ச தூரம் ஏறிப்போய் நின்றது. தவசி அதைப் பார்த்தான், பார்த்துவிட்டுக் குச்சியைத் தொடர்ந்து மென்றான்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, அறுவடை வருவதற்குள் ஊர் பழகியும்விட்டது. குமிழியாற்றுத் தண்ணீர் எங்கெல்லாம் குழாயில் வந்ததோ அங்கெல்லாம் இதுதான் கதை. டீக்கடை பவுன்ராஜ் கிளாஸை முன்னைவிடக் கொஞ்சம் குறைத்து நிரப்பினான், கேட்டவர்களிடம் "தெக்கால வாயை வச்சுக் குடிங்கய்யா, ரெண்டு மடக்கு கூடக் கிடைக்கும்" என்றான். தோசைமாவு கல்லில் ஊற்றியதும் தெற்கே ஒதுங்கியதால் எல்லா வீட்டிலும் தோசை ஒரு பக்கம் மெத்தென்றும் ஒரு பக்கம் முறுகலாகவும் வந்தது, பிள்ளைகள் திசை சொல்லிச் சண்டை போட்டார்கள். மட்டக்குழாயில் தண்ணீர் நிரப்பிச் சுவருக்கு மட்டம் பார்க்கிற கொத்தனார் ஞானமுத்து கட்டிய ஒரு வீடு, கல்யாணப் பந்தலில் தூங்கி விழுகிற கிழவரைப்போல ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தபோது, "சுவரு சரிதாண்ணே, உலகந்தான் சாஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு அவர் கூலியையும் வாங்கிக்கொண்டு போனார். ஆற்றில் வடகரை காய்ந்து தென்கரை எப்போதும் நனைந்து கிடந்ததால் துவைக்கிறவர்கள் கல்லைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுக்கொண்டார்கள், எருமைகளும் யாரும் ஓட்டாமலே அந்தப் பக்கம் போயின. தைப்பொங்கல் அன்று பானை எந்தத் திசையில் பொங்கி வழியும் என்று காத்திருக்கிற சுவாரசியம் இல்லாமல் போனது. எல்லா வீட்டிலும் தெற்கே வழிந்தது, குலவைக்கு வாயைக் குவித்திருந்த பெண்கள் ஏமாந்துபோய் முன்னும் பின்னுமாகக் குலவை போட்டார்கள். இழவு வீட்டில் கிழக்கே பார்த்து உட்கார்ந்து அழுத பெண்களின் கண்ணீர் கன்னத்தில் நேராக இறங்காமல் வலது காதுப் பக்கம் ஓடியது, அவர்கள் முந்தானையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு ஒப்பாரியைத் தொடர்ந்தார்கள்.

ஏன் சாய்கிறது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. எங்கே சாய்கிறது என்பதைத்தான் கேட்டார்கள். அதற்குப் பதில் மினிபஸ் கண்டக்டர் சேவியரிடமிருந்து வந்தது. அவன் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீர் வைத்திருப்பான். பஸ் மலைப்பாதையில் வளைந்து வளைந்து போகும்போது, கட்டிப்போட்ட கன்று தாய் மேய்கிற பக்கமெல்லாம் தலையைத் திருப்புவதைப்போல, பாட்டில் தண்ணீர் குதிரைமலையின் பக்கமே திரும்பித் திரும்பி நின்றது. மலையைத் தாண்டி அந்தப் பக்கத்து ஊருக்குப் போனால் அங்கே அது வடக்கே சாய்ந்தது. வெளியூரிலிருந்து லாரியில் வந்த கேன் தண்ணீர் வேறு திசையில் சாய்ந்தது, அது வேறு எங்கோ பிறந்த தண்ணீர். தக்காளி விலை ஊருக்குத் தெரிவதைப்போல, யாரும் அறிவிக்காமலே எல்லாருக்கும் தெரிந்துபோனது: தண்ணீர் தான் பிறந்த இடத்தைப் பார்த்துச் சாய்கிறது, குமிழியாறு பிறந்த இடம் தெற்கே குதிரைமலை.

அன்றைக்குத் தாயூற்று நகரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஏனென்றால் அந்த ஊரின் பேரும், அந்த ஊர் இருப்பதற்கான காரணமும், ஆறு மேற்கே ஊசிமலையில் பிறக்கிறது என்பதுதான்.

அவர்கள் எல்லாரும் ஊசிமலையில் ஏழுமடை என்ற ஊரில் இருந்தவர்கள். ஊசிமலைக்கும் குதிரைமலைக்கும் நடுவில் பாறைகள் குவிந்த ஒரு பள்ளம் உண்டு. குமிழியாறு அந்தப் பாறைகளுக்கு அடியிலிருந்துதான் வெளியே வரும், உள்ளே எந்த மலையின் தண்ணீர் நுழைகிறது என்று கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. ஏழுமடைக்காரர்கள் அதை ஒரு கேள்வியாகவே நினைத்ததில்லை. தங்கள் ஊருக்கு மேலே, ஒரு முறத்தைக் கவிழ்த்தால் மூடிவிடக்கூடிய அளவுக்குச் சின்னக் குழியில் சுரக்கிற ஊற்றுதான் தாய் என்றும், கீழே ஓடுகிற ஆறு அவள் கட்டிக்கொடுத்த மகள் என்றும் அவர்களுக்குத் தெரியும். ஊற்றை அவர்கள் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஊரில் அதற்கு வேறு பேர் இல்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால், அதைக் கேள்வியாக நினைத்த ஒருத்தி ஊருக்கு வந்தாள். ஜெயசீலி என்று பேர். நாசரேத்துப் பக்கத்துப் பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள், மலை ஏறும்போது மூச்சு வாங்கும், மூச்சு வாங்கும்போதும் பேசுவதை நிறுத்தமாட்டாள். அவள் குருவம்மா வீட்டில் பாய் விரித்துப் படுத்தாள், அவள் கையால் சாப்பிட்டாள், அக்கா என்று கூப்பிட்டாள். குருவம்மா அவளைச் சீலி என்று கூப்பிட்டாள்.

"கடல்ல இருந்து வர்ற மேகம் மலை ஏறும்போது சுமக்கமாட்டாம, கனமான தண்ணியை அடிவாரத்துலயே இறக்கி வச்சிருதுக்கா. ஏற ஏற லேசான தண்ணிதான் மிஞ்சும். அதனால ஒவ்வொரு உயரத்துத் தண்ணிக்கும் ஒரு கனம். ஆத்துத் தண்ணியோட கனம் எந்த ஊத்தோட கனத்துக்குச் சரியா நிக்குதோ, அதுதான் தாய்" என்று சீலி சொன்னாள். அந்தக் கனத்தை அளக்கிற சங்கதிக்கு ஐசோடோப்பு என்று ஒரு பேரும் சொன்னாள், குருவம்மா அதைப் புதிதாகக் கேள்விப்பட்ட ஒரு சாமியின் பேரைப்போல வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மாசாமாசம் மலைக்கு வர முடியாதென்பதால் தண்ணீர் எடுக்கிற வேலையைச் சீலி குருவம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தாள். பாட்டிலை ஊற்றுக்குள்ளேயே அமிழ்த்தி, ஒரு கொப்புளம்கூட இல்லாமல் நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திருகி எடுக்கவேண்டும். உள்ளே காற்று இருந்தால் லேசான தண்ணீர் பறந்துபோய்க் கனமானது மிஞ்சிவிடும், கணக்கு தப்பிவிடும். குருவம்மாவின் பாட்டில்களில் ஒரு கொப்புளம்கூட இருந்ததில்லை. எங்கள் துறையில் படித்தவர்களுக்குக்கூட இந்தக் கை வராது என்று சீலி சொன்னதை அவள் பல நாள் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

ஒன்றரை வருஷத்தில் முடிவு வந்தது. ஊசிமலை ஊற்றும் குமிழியாறும் அச்சு அசலாக ஒரே தண்ணீர். செய்தி பேப்பரில் வந்தது. ஏழுமடையில் கிடா வெட்டினார்கள். தெரிந்த விஷயத்தைத் தெரியும் என்று ஊர் உலகம் ஒத்துக்கொண்டால் வருகிற சந்தோஷம் தனிதான். அடுத்த வருஷம், ஆற்றின் தாய் ஊற்று இருக்கும் இடம் என்பதால் ஊசிமலை பாதுகாக்கப்பட்ட மலை ஆயிற்று, மனுஷரும் ஆடும் தாய் ஊற்றை அசுத்தப்படுத்தக்கூடாது என்பதால் ஊரைக் கீழே இறக்க லாரி வந்தது. சீலி வந்து குருவம்மாவின் தோளில் சாய்ந்து, "இப்படி ஆகும்னு நான் நெனைக்கலக்கா" என்று அழுதாள். குருவம்மாதான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினாள். தாயைத் தாய் என்று நிரூபித்துக் கொடுத்ததற்காகத் தாயைவிட்டுப் பிரிக்கப்பட்ட ஜனங்களை, ரோட்டோரத்துப் பொட்டலில் வரிசை வீடு கட்டி இறக்கிவிட்டு, அந்த இடத்துக்குத் தாயூற்று நகர் என்று பலகையும் வைத்தார்கள்.

இப்போது அந்தத் தண்ணீர் எழுந்து தெற்கே கையைக் காட்டிக்கொண்டிருந்தது.

முதலில் அது ஜனங்களுக்கு அவமானமாகத்தான் இருந்தது. மகள் வேறொருத்தியை அம்மா என்று கூப்பிடுவதை வாசலில் நின்று கேட்பதைப்போல இருந்தது. சில வீடுகளில் குடத்துக்குமேல் துணி போட்டு மூடிவைத்தார்கள். பிறகு ஒருநாள் குழாயடியில், பேச்சோடு பேச்சாக, யாரோ ஒருத்தி சொன்னாள்: "அப்பன்னா நம்மளை மேல விட்ரணும்ல?"

அதோடு குடத்தின் துணிகள் எல்லாம் எடுக்கப்பட்டன. தாய் இல்லை என்றால் பாதுகாப்பு எதற்கு, பாதுகாப்பு இல்லை என்றால் நாம் ஏன் கீழே? இதைச் சொல்லிக்கொண்டே ஊர் சிரித்தது, சிரித்துக்கொண்டே கூசியது. வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் அம்மாவை அம்மா இல்லை என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்லிவிட்டுப் போய் நிற்கிற வீடு எந்த வீடு என்று குருவம்மா கேட்டபோது தவசி, "மொதல்ல போவோம்டி. போயி அவ காலைப் பிடிச்சுக்கிருவோம்" என்றான்.

மனு கொடுத்தார்கள். மாசி மாதம் விசாரணை வைத்தார்கள். அன்றைக்கு ஆராய்ச்சி செய்த ஜெயசீலியும் வருகிறாள் என்று கேட்டதும் குருவம்மாவுக்கு நெஞ்சு லேசானது. அவள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், படித்தவள் சொன்னால் கேட்பார்கள். தவசிகூட, "உன் தங்கச்சி வர்றா, நெத்திலிக் கொழம்பு வை. ஊசிப்போகாமப் பாத்துக்க, அவ இப்ப பெரிய ஆபீசரு" என்று கிண்டல் செய்தான்.

குழம்பு கொதிக்கிறபோதுதான் குருவம்மாவுக்கு, அதுவரைக்கும் ஒருநாளும் ஒரு பொருட்டாக நினைத்திராத ஒன்று ஞாபகம் வந்தது. ஏழுமடையில் ஊற்றுக்குப் போகிறவர்கள் வெறுங்குடத்தோடு போவதில்லை. தாய் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற பழக்கம் யாருக்கும் கிடையாது. ஆற்றில் ஒரு குடம் மொண்டு மேலே சுமந்துபோய், மகள் கொடுத்தனுப்பியது என்று சொல்லி ஊற்றுக்குழியில் ஊற்றுவார்கள், ஊற்றிவிட்டுத்தான் எடுப்பார்கள். பாட்டில் நிரப்பப் போன ஒவ்வொரு மாசமும் குருவம்மா அப்படித்தான் செய்தாள். கிடா வெட்டிய மறுவாரம் சீலி அவளோடு கூடவே மேலே ஏறி வந்தாள். குருவம்மா குடத்தைச் சாய்த்துக் குழி ததும்ப ஊற்றியதைப் பாறைமேல் நின்று பார்த்தாள்.

"எப்பவும் இப்படித்தான் ஊத்துவீங்களாக்கா?"

"வேற எப்படி? வெறுங்கையோடயா வருவாக?"

சீலி அதற்குப் பிறகு பேசவே இல்லை. இறங்குகிற வழியெல்லாம் பேசவில்லை. மத்தியானம் சோறு வேண்டாம் என்றாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று குருவம்மா மோர் கரைத்துக் கொடுத்தாள்.

அடுப்பில் குழம்பு தெற்குப் பக்கம் பொங்கி வழிந்தது. குருவம்மா சட்டியை இறக்கினாள். அந்த நினைப்பை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, அதையும் அப்படியே இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

சமுதாயக் கூடத்தில் அதிகாரிக்கு முன்னால் மேஜைமேல் ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தார்கள். எல்லா டம்ளரிலும் தண்ணீர் தெற்குச் சன்னலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அதிகாரி ஒரு டம்ளரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், சாய்ந்த பக்கமாக வாயை வைத்துக் குடித்தார், வைத்தார். "தண்ணீர் சாயிறது சரி. அதைப் பதிவு பண்ண நம்மகிட்ட வழி இல்ல. டாக்டரம்மா சொல்லட்டும்" என்றார்.

ஜெயசீலி எழுந்தாள். தலை நரைத்திருந்தது, மூச்சு வாங்கவில்லை. புத்தகத்தில் இருப்பதைப்போலப் பேசினாள். "முடிவில் ஒரு பிழை நேர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊசிமலை ஊற்று குமிழியாற்றின் மூலம் அல்ல."

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. தவசி குருவம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினான். அவள் கண்ணில் வந்த தண்ணீர் பக்கவாட்டில் ஓடியது.

"உள்ளூரில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர், ஒவ்வொரு முறையும் ஊற்றில் ஒரு குடம் ஆற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் பாட்டிலை நிரப்பியிருக்கிறார். ஆய்வகத்துக்கு வந்தது ஊற்றுத் தண்ணீரே இல்லை. ஆற்றை ஆற்றோடு ஒப்பிட்டிருக்கிறோம். ஒன்றாகத்தான் இருக்கும்."

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றார் அதிகாரி.

"இப்போதுதான். தண்ணீர் சாய்ந்த செய்தி கேட்டு, எங்கே தப்பு நடந்திருக்கும் என்று யோசித்தபோது."

தவசியின் கை தளர்ந்தது. குருவம்மாவுக்கு இரண்டு விஷயங்கள் ஒரே சமயத்தில் விளங்கின, இரண்டில் எது முதலில் வலித்தது என்று பிற்பாடு யோசித்தும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் எழுந்து நின்றாள்.

"சீலி. நீ கூட நின்னு பாத்தியே."

ஜெயசீலி அவளைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்தாள். "ரொம்ப நல்லவங்க சார் அவங்க. எனக்கு அக்கா மாதிரி. வயசாயிருச்சு, ஞாபகம் முன்னப்பின்ன மாறியிருக்கும். அவங்களைக் குத்தம் சொல்லக்கூடாது, அவங்க வழக்கம் அப்படி."

இதைவிட இதமாக ஒருத்தியைக் கூட்டத்தில் தனியாக நிறுத்த முடியாது. குருவம்மாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது, சொல்லச் சொல்ல அது ஞாபகம் மாறிய ஒருத்தியின் பேச்சாகத்தான் கேட்கும் என்றும் தெரிந்தது. உட்கார்ந்தாள்.

"அப்ப எங்களை மேல விட்ருங்க சார்" என்று டீக்கடை பவுன்ராஜ் கேட்டான்.

"அது எப்படி முடியும்? பாதுகாப்புன்னு அறிவிச்சாச்சு. ஊத்து தாயோ இல்லையோ, காடு காடுதான்."

"அப்ப குதிரைமலையில இருக்கிறவங்களை இறக்குவீங்களா? அங்கதானே தாயி இருக்கா?"

அதிகாரி குதிரைமலை எஸ்டேட்டையும் அதன் உச்சியில் இருந்த ஓட்டலையும் நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. "அது தனி விஷயம். அங்க ஏற்கெனவே கட்டடங்கள் இருக்கு."

"எங்களுக்கும் வீடு இருந்துச்சே சார்."

"அது கூரை" என்றார் அதிகாரி, எழுந்துகொண்டார்.

ஊர் குருவம்மாவைத் திட்டவில்லை. தண்ணீர் சாய்ந்ததை எப்படி ஏற்றுக்கொண்டதோ அப்படியே இதையும் ஏற்றுக்கொண்டது. கூடத்திலிருந்து வெளியே வரும்போதே அவளைச் சுற்றி நடந்தவர்கள் கொஞ்சம் விலகி நடந்தார்கள், குழாயடியில் அவள் குடத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு குடம் வைக்கிற இடம் காலியாக இருந்தது. யாரும் பேசி முடிவெடுத்துச் செய்ததில்லை. வீட்டில் தவசி சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

"ஒரு குடம் தண்ணி. ஊரையே கரைச்சு ஊத்திட்டியேடி" என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்தக் குடத்தைத் தூக்கி உன் தலையில வச்சுவிட்டவன் நாந்தான், அதுவும் நெசந்தான்" என்றான். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நெத்திலிக் குழம்பை யாரும் தொடவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஜெயசீலி வாசலில் வந்து நின்றாள். குருவம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "வெளிய நிக்காத. உள்ள வா" என்றாள்.

ஜெயசீலி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். "என்னால அங்க சொல்ல முடியலக்கா. சொன்னா, அதுக்கப்புறம் நான் செஞ்ச எதையும் நம்பமாட்டாங்க. என்கிட்டப் படிச்ச பிள்ளைகளோட படிப்பும் போயிரும்."

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"நீங்க ஊத்துனதைப் பாத்த உடனேயே தெரிஞ்சுது. ஆனா பேப்பர்ல வந்துருச்சு. நீங்க கிடா வெட்டியாச்சு. எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. என்னன்னு சொல்லுவேன்?"

"எங்க சந்தோஷத்துக்காகத்தான் சொல்லலங்கிற."

குருவம்மா காம்பைக் கிள்ளிக்கொண்டே யோசித்தாள். தெரிந்தே பொய் சொன்னவளை வெறுப்பது சுலபம். இவள் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை, வாயைத்தான் மூடிக்கொண்டாள். அந்த மூடிய வாய்க்குத்தான் தான் மோர் கரைத்துக் கொடுத்தோம், லாரி வந்த அன்று அதைத்தான் தோளில் சாய்த்துத் தேற்றினோம். அன்றைக்கு அழுதது யாருக்காக? அந்த அழுகை பொய்யா? பொய்யாக இருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. அது உண்மையான அழுகையாக இருந்தால்தான் தாங்க முடியாது.

"ஒண்ணு கேக்கேன். இதுக்கு மட்டும் நெசத்தைச் சொல்லு. எங்க ஊத்து எந்த ஆத்துக்குப் போகுது?"

"நீங்க இறங்குனதுக்கப்புறம் நான் ஒரு தடவை தனியாப் போயி எடுத்துப் பாத்தேன். அது எந்த ஆத்துக்கும் போகலக்கா. அந்தந்த வருஷத்து மழை. மண்ணுக்குள்ள கொஞ்ச நாள் தங்கி வெளிய வருது, நாலு வீட்டு வாசல் தூரம் ஓடுது, பாறைக்குள்ள போயிருது. அதுக்கப்புறம் அந்தத் தண்ணி எங்கயும் இல்ல. வேற யாருக்கும் ஆகாத தண்ணி."

குருவம்மாவின் கை நின்றது. கோபமே இல்லாத குரலில், கணக்கைச் சரிபார்க்கிறவளைப்போலச் சொன்னாள்.

"ஒண்ணுக்கும் ஆகாத தண்ணின்னு அன்னைக்கே நீ சொல்லியிருந்தா, ஒண்ணுக்கும் ஆகாதவுகளையும் அங்கனயே விட்டிருப்பாகளே, சீலி."

ஜெயசீலி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "காலையில அதிகாரியைப் பாத்துச் சொல்லிர்றேன்க்கா. எல்லாத்தையும் சொல்லிர்றேன்" என்றாள். இந்தத் தடவை குருவம்மா அவளைத் தேற்றவில்லை. ஆய்ந்த கீரையை முறத்தில் அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

காலையில் அதிகாரி வருவதற்கு முன்பே ஜெயசீலியின் ஜீப் போய்விட்டது என்று சேவியர் பஸ்ஸை நிறுத்திச் சொன்னான். யாரிடம் சொல்கிறோம் என்று ஞாபகம் வந்ததும் அவன் சட்டென்று விசில் ஊதி பஸ்ஸை எடுக்கச் சொன்னான். குருவம்மா கொஞ்ச நேரம் ரோட்டிலேயே நின்றாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பாமல் மேற்கே நடந்தாள். குழாயடியில் இருந்தவர்கள் பார்த்தார்கள், யாரும் கேட்கவில்லை.

ஊசிமலை அடிவாரத்தில் தடுப்புக் கம்பம் இருந்தது. காவலுக்கு இருந்தவன் சொக்கன், அவளுக்குக் கொழுந்தன் முறை, ஏழுமடையிலிருந்து இறக்கப்பட்டவர்களில் வேலை கிடைத்த ஒரே ஆள்.

"போகக்கூடாது மதினி."

"ஏன்?"

"மேல தாயூத்து இருக்குல்ல, பாதுகாப்பு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். அவனும் நேற்றைக்குக் கூடத்தில்தான் இருந்தான்.

"எந்தத் தாயி?"

சொக்கன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீங்க போனதை நான் பாக்கல" என்றான்.

"பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருக்க எல்லாருக்கும் நல்லாத்தான் வருது" என்று சொல்லிவிட்டுக் குருவம்மா குனிந்து கம்பத்துக்கு அடியில் நுழைந்தாள்.

ஏழுமடை இருந்த இடத்தில் உண்ணிச்செடி ஆளுயரம் வளர்ந்திருந்தது. தன் வீடு எது என்று தேடாமல் அவள் மேலே ஏறினாள். வழி தூர்ந்திருந்தாலும் காலுக்குத் தெரிந்திருந்தது. வெயில் உச்சிக்கு வந்த நேரம், ஊற்றுக்கு முன்னால் போய் நின்றாள். கூப்பிட வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து கூப்பிட்ட அந்த ஒரு வார்த்தை வரவில்லை, அதற்குப் பதிலாக வேறு எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. தெரியாத வீட்டு வாசலில் நிற்பவளைப்போல நின்றாள்.

குழியில் தண்ணீர் மட்டமாக நின்றது. எந்தப் பக்கமும் ஏறாமல், எந்தப் பக்கமும் இறங்காமல், யாரையும் திரும்பிப் பார்க்காமல் நின்றது. ஆவணியிலிருந்து சாய்ந்த தண்ணீரையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த மட்டம்தான் கோணலாகத் தெரிந்தது. மலையே ஒருபக்கம் கவிழ்வதுபோலத் தலை சுற்றியது, குருவம்மா பாறையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றல் நின்றதும் குனிந்து இரண்டு கையிலும் அள்ளினாள். அள்ளிய தண்ணீரோடு நாலு எட்டு கிழக்கே நடந்தாள், கைக்குள் அது திரும்பி ஊற்றைப் பார்த்துச் சாய்ந்தது. தெற்கே நடந்தாள், அப்போதும் ஊற்றைப் பார்த்தது. சுற்றி வந்து மேற்கே நின்றாள், அங்கேயும் அதே. எந்த ஆறும் அதற்குத் தெரியவில்லை, கீழே இருக்கும் எந்த ஊரும் தெரியவில்லை, இந்த முறத்தளவு குழியைத் தவிர உலகத்தில் வேறு இடம் இருப்பதே தெரியவில்லை. இதைத்தான் ஊருக்கெல்லாம் தாய் என்று சொல்லிச் சொல்லிப் பறிகொடுத்தோமா என்று நினைத்தாள். விரலிடுக்கில் பாதி ஒழுகிப் போயிருந்தது. மிச்சத்தைக் குடித்தாள்.

கீழே சொக்கனின் விசில் சத்தம் கேட்டது. முதலில் ஒரு தடவை, தயங்கித் தயங்கி, யாரோ பக்கத்தில் நின்று ஊதச் சொல்வதுபோல. பிறகு விடாமல் கேட்டது. ஆட்கள் ஏறி வருகிற சத்தமும் கேட்டது. குருவம்மா சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு ஊற்றோரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இன்னொரு கை அள்ளினாள்.